உலகம் அழியாத திங்கட்கிழமை

வேங்கிக்கால், திருவண்ணாமலை
19.12.1999, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, வியாழக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டேனே, அதுவே போதும். மாமா மனசு நோக வேண்டாம் அம்மா, இளவரசனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், இந்தக் கல்யாணத்தை விட்டுடலாம் என்றாய். நான் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் நீ அழ ஆரம்பித்தாய், லைனும் போய்விட்டது. ஒருவிதத்தில் அதுவும் நல்லதுக்குத்தான். போனில் என்றால் நாலு வார்த்தைதான் கத்தியிருப்பேன், கடிதத்தில் நானூறு வார்த்தை கத்தலாம், நடுவில் நீ அழுதாலும் எனக்குக் கேட்காது. ஆகவே கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து படி. விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. இதை முதலிலேயே எழுதிவிட்டேன், காரணம் கீழே வருகிறது, கொஞ்சம் நீளம்.

முதலில் ஊர்ச் செய்தி. புதன்கிழமை பௌர்ணமி, கிரிவலத்துக்கு இந்த முறை கூட்டம் ஜாஸ்தி இருக்கும் என்கிறார்கள், பஸ் ஸ்டாண்ட் பக்கமே போக முடியாது, அதனால் செவ்வாய்க்கிழமையே காய்கறி வாங்கி வைத்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் அரையாண்டுப் பரீட்சை நடக்கிறது. உன் வேலையால் எனக்குத் தெருவில் வந்திருக்கிற மரியாதையைச் சொல்ல வேண்டும். ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் வருஷம் தெரியாமல் முழிக்கும், விமானம் விழும், கரண்ட் நிற்கும் என்று பேப்பரில் தினம் ஒன்று போடுகிறான், டீச்சர் பொண்ணு அமெரிக்காவில் அந்த வேலைதானே பார்க்கிறது என்று எல்லாரும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எதிர்வீட்டு ராஜம்மாள் இரண்டு பிளாஸ்டிக் டிரம் வாங்கித் தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிட்டாள். "டீச்சர், உங்க பொண்ணு இன்னா சொல்லுது, மோட்டார் ஓடுமா ஓடாதா" என்று கேட்டாள். அதைத்தான் என் பொண்ணு ரிப்பேர் பண்ணிக்கிட்டிருக்கு, ஓடும் என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, மூன்றாவது டிரம் வாங்கப் போய்விட்டாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து, உலகம் அழியப் போகுதே டீச்சர், எங்க பேப்பரையெல்லாம் திருத்துவீங்களா என்று கேட்டாள். திருத்துவேன் என்றேன், வகுப்பே வாடிப்போய்விட்டது.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பு. சிரிப்பு வராதது உன் மாமா பேசியதுதான். என் கூடப்பிறந்த அண்ணன் தசரதன் கீழ்பென்னாத்தூரிலிருந்து உனக்குப் போன் போட்டு என்ன சொன்னார் என்று நீ முழுதாகச் சொல்லவில்லை. நான் அவர் வாயிலிருந்தே வாங்கிவிட்டேன். பையன் நம்ம ஜாதி இல்லை, அது ஒன்று. பையனுக்கு ஜாதகமே இல்லை, அது இரண்டு. இளவரசனின் அப்பா செங்கத்தில் கண்டக்டராக இருந்தவர், பிள்ளை பிறந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல் பிள்ளையை மட்டும் பார்த்த மனிதர். அதனால் கிரகம் தெரியாத பையனுக்குப் பெண் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதாம், அதுவும் இந்த இரண்டாயிரம் பிறக்கிற நேரம் கிரகநிலை சரியில்லையாம். கடைசியாக, உங்க அம்மா புருஷன் இல்லாதவள், நாளைக்கு ஒண்ணுன்னா நாங்கதான் வந்து நிக்கணும், எங்களைப் பகைச்சுக்கிட்டு அவளை அனாதையா விட்டுட்டுப் போவியா என்று உன்னைக் கேட்டிருக்கிறார். அங்கேதான் நீ உடைந்துபோனாய், எனக்குத் தெரியும். அது போகட்டும். ஆனால் எழில், கிரகத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியிருக்கக் கூடாது. வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசியிருக்கலாம்.

1962-ஆம் வருஷம் தை மாதம், எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் ஒன்றுகூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்று நாடெங்கும் ஜோசியர்கள் சொன்ன கதை உனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் நான் சொல்லி, நீயும் உன் அப்பாவும் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் உங்களுக்கு நான் பாதிக் கதைதான் சொன்னேன். மீதிப் பாதியை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது முழுதாகச் சொல்கிறேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. திருவண்ணாமலையில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டீச்சர் ட்ரெயினிங் ஸ்கூலுக்கு எழுதிப் போட்டு, வந்து சேரச் சொல்லிக் கார்டு வரும் வரும் என்று காத்திருந்து, வராமல், ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் தமிழ் பேப்பரைத் தடுமாறாமல் வாசிக்கிறவர்கள் மூன்றே பேர், அதில் தொண்டை பெரிது எனக்கு. முதல் பஸ்ஸில் வருகிற பேப்பரை உன் தாத்தா சுப்பன், அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், வாங்கிக்கொண்டு வந்து களத்தில் என்னை நிறுத்தி வாசிக்கச் சொல்லுவார். அவருக்கு எழுத்து தெரியாது, மகள் வாசிப்பதை ஊர் கேட்கிறது என்கிற பெருமை மட்டும் தெரியும். ஆக, உலகம் அழியப் போகிறது என்று எங்கள் ஊருக்குச் சொன்னவள் நான்தான்.

அந்தச் சனிக்கிழமைப் பேப்பரை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவேன். மேலே கொட்டை எழுத்தில் எட்டுக் கிரகம், ஜோசியர்கள் எச்சரிக்கை, ஊருக்கு ஊர் யாகம். அதற்கு நேர் கீழே, அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று ஒரு விஞ்ஞானி சொன்னது நாலு வரி. மேலே உள்ளதை வாசித்து முடித்து மூச்சு வாங்கினேன், அதற்குள் களத்தில் பாதிப் பேர் இல்லை. அந்த நாலு வரியை நைனாவுக்கும் இரண்டு எருமைக்கும்தான் வாசித்தேன். பக்கத்திலேயே ஒரு கூந்தல் தைல விளம்பரம், மூன்று மாதத்தில் பலன் தெரியும் என்று. நாளைக்கு அழியப் போகிற உலகத்தில் மூன்று மாதம் கழித்து யாருக்கு முடி வளரப் போகிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் தேர்தல், நிற்கிறவர்கள் பெயரெல்லாம் போட்டிருந்தது, அதில் ஒருத்தரும் உலகம் அழிகிறதே என்று வாபஸ் வாங்கியதாகச் செய்தி இல்லை. இதை நான் நைனாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனாலும் அன்றைக்கு மாட்டை அவிழ்த்துவிட்டுவிட்டார், அது நிம்மதியாகப் போகட்டும் என்று.

எத்தனை மணிக்கு அழியும் என்று பேப்பரில் இல்லை, அது ஊருக்குப் பெரிய குறையாகப் போயிற்று. பேசிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள், அமாவாசை வேறு சேர்ந்திருந்தது. அப்புறம் தின்ன ஆரம்பித்தார்கள். ஆடிப் பட்டத்துக்கு என்று பானையில் கட்டி வைத்திருந்த விதை மல்லாட்டையை உடைத்து, கடலையை வறுத்து, வெல்லம் கூட்டித் தின்றார்கள். ஊரில் இருந்த கோழியெல்லாம் சனிக்கிழமையே குழம்பாகிவிட்டது. அமாவாசையில் கறி ஆகாதே என்று யாரோ கேட்டதற்கு, அதான் இன்னிக்கே தின்னுடறோம் என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் தலைக்குக் குளித்து, நல்ல துணி உடுத்தி, மாரியம்மன் கோயில் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள், போகிறதானால் ஒன்றாகப் போகலாம் என்று. அதுவரைக்கும் ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் எங்கே வந்தது என்றால், எங்கள் பக்கத்தில் காசிக்குப் போகிறவர்கள் கிளம்புகிறதுக்கு முன்னால் வீடு வீடாகப் போய், தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச தப்பை மன்னிச்சிடுங்க என்று கேட்டுக்கொண்டு போவார்கள், திரும்பி வருவது நிச்சயமில்லை அல்லவா. இப்போது ஊரே கிளம்புகிறது, அதனால் ஊரே மன்னிப்புக் கேட்டது. காசிக்குப் போகிறவர் பொதுவாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். இவர்கள் விவரம் சொல்லிக் கேட்டுவிட்டார்கள்.

கண்ணாயிரம்தான் ஆரம்பித்தார். பங்காளி இருசப்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வருஷா வருஷம் வரப்பை உன் பக்கம் ஒரு சாண் தள்ளிக்கிட்டு வந்தேன்டா என்று ஓவென்று அழுதார். இருசப்பன் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்து, எனக்குத் தெரியும்ணா, அதான் உன் எருமைக் கயித்தை ராத்திரியில அறுத்து விட்டதே நான்தான் என்றார். இருவரும் அழுதார்கள், பார்த்தவர்களும் அழுதார்கள். காசியம்மாள் தன் மாமியார் காலில் விழுந்து, ஆறு வருஷமாக உங்களுக்கு மோரில் பாதி தண்ணிதான் ஊத்தினேன் என்றாள். மாமியார், வெள்ளிக்கிழமை விரதம் என்று சொல்லிக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பொரி தின்றதை ஒப்புக்கொண்டாள். இதற்கெல்லாம் மேலே கோயில் பூசாரி எழுந்து நின்றார். ஊரில் சண்டை சச்சரவு என்றால் அவர் மேல் அம்மன் வந்துதான் தீர்ப்பு சொல்லுவாள். அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மன் என் மேல் வந்து ரெண்டு வருஷம் ஆச்சி, நான் சும்மாத்தான் ஆடிக்கிட்டிருந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த இரண்டு வருஷத் தீர்ப்பில் நிலத்தை விட்டுக் கொடுத்தவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். இருக்கிறது அரை மணி நேரம், அதில் எதற்குக் கோபம் என்று விட்டுவிட்டார்கள்.

இதுவரைதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இதற்கப்புறம் அண்ணன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இருபத்திரண்டு வயது, மீசை ஒழுங்காக முளைக்கவில்லை. முகம் வெளுத்துக் கிடந்தது. "சந்திரா, ஒண்ணு சொல்லணும். ட்ரெயினிங் ஸ்கூல்லேர்ந்து உனக்குக் கார்டு வந்துச்சி. ஆனி மாசமே வந்துச்சி. நான்தான் வாங்கி அடுப்புல போட்டுட்டேன். ஜாஸ்தி படிச்சிட்டா உனக்கு மாப்பிள்ள கெடைக்க மாட்டான்னு பயந்துட்டேன். மன்னிச்சிடு" என்றார். ஆனியிலிருந்து தை வரை எட்டு மாதம், எழில். அந்த எட்டு மாதமும் தபால்காரர் மணிச் சத்தம் கேட்டால் ஓடி வந்து வாசலில் நின்றேன், கார்டு வராதது என் மார்க்கு கம்மியானதால் என்று நினைத்து மாட்டுக்கொட்டகையில் போய் அழுதேன். அந்த அழுகையை இவர் தினம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இன்னும் அரை மணியில் சாகப் போகிறவளுக்கு அவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஊரே அம்மன் முன்னால் உட்கார்ந்து உயிருக்குப் பயந்து வேண்டிக்கொண்டிருந்தது. நானும் வேண்டினேன், தாயே உலகத்தை அழித்துவிடாதே, அழிந்துவிட்டால் இந்த ஆளை நான் எப்போது கேட்பது என்று. அவர் மன்னிச்சிடு மன்னிச்சிடு என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கையை உருவிக்கொண்டேன்.

இருட்டியது. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று உட்கார்ந்திருந்து குழந்தைகள் தூங்கிப்போய், எல்லாரும் அங்கேயே சாய்ந்துவிட்டோம். திங்கட்கிழமை விடிந்தது, விடிந்ததைச் சொல்ல ஊரில் ஒரு சேவல்கூட மிச்சமில்லை. கண்ணைத் திறந்த ஊர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது, பார்த்ததும் திரும்பிக்கொண்டது. எட்டு மணிக்குள் கண்ணாயிரமும் இருசப்பனும் மண்வெட்டியோடு வரப்பில் நின்றார்கள். காசியம்மாளின் மாமியார் மோர்ப்பானையை எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பூசாரி வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர். இப்படியே விட்டால் ஊர் இரண்டாகிவிடும் என்று பெரியவர்கள் கூட்டம் போட்டார்கள். பேசி முடித்து ஒரு தீர்மானம் சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த ஊரில் யார் யாரிடம் என்ன சொல்லியிருந்தாலும் அது செல்லாது, பயத்தில் சொன்னது, யாரும் யாரையும் கேட்கக் கூடாது. சம்மதமா என்றதும் எல்லாரும் கையைத் தூக்கினார்கள், பூசாரி இரண்டு கையையும் தூக்கினார். அண்ணனும் தூக்கினார். தூக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், அப்பாடா என்கிற முகம். அந்த முகத்தைப் பார்த்ததுதான் தாமதம், பெண்கள் ஓரமாக நிற்கிற இடத்திலிருந்து நான் நடுவில் வந்து நின்றுவிட்டேன். "எனக்குச் சொன்னது செல்லும்" என்றேன். என் கார்டை அடுப்புல போட்டது பயத்துல சொன்ன பொய்யா, நெசமா நடந்ததா, அத மட்டும் எங்கண்ணன் சொல்லட்டும், நான் போயிடறேன் என்றேன். பதினெட்டு வயதுப் பெண் கூட்டத்தில் பேசி ஊர் பார்த்ததில்லை. வாய் ஜாஸ்தி என்று ஒருத்தர் சொன்னார், பேப்பர் வாசிக்க விட்டதால் வந்த வினை என்று இன்னொருத்தர் சொன்னார். அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

நைனா எழுந்தார். என்னை அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "எந்த பஸ்ஸும்மா" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பத்து மணி பஸ்ஸில் இருவரும் திருவண்ணாமலை போனோம். ட்ரெயினிங் ஸ்கூல் பெரிய டீச்சரம்மா பொறுமையாகக் கேட்டார், அந்த வருஷம் போனது போனதுதான், வேறு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று, கோடையில் மறுபடி எழுதிப் போடு என்றார். அடுத்த முறை கார்டு வருகிற மாதத்தில் நைனா தினமும் ஏரிக்கரையில் போய் நின்று தபால்காரரை வழிமறித்து, சந்திரம்மாள் பேருக்கு வர்றது சந்திரம்மாள் கையிலதான் குடுக்கணும் என்று சொல்லி அனுப்புவார். கார்டு வந்தது. நான் டீச்சர் ஆனேன், டீச்சர் ஆனதால் உன் அப்பா என்னைக் கேட்டு வந்தார், உன் அப்பா போன பிறகும் உன்னைப் படிக்க வைத்து அமெரிக்கா அனுப்ப என் கையில் ஒரு வேலை இருந்தது. இதையெல்லாம் பாடமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் கெட்டவர் என்றும் நினைத்துக்கொள்ளாதே, நீ அப்படி நினைத்துவிடுவாய் என்றுதான் இத்தனை வருஷம் மறைத்தேன். நீ பிறந்தபோது கீழ்பென்னாத்தூரிலிருந்து மழையில் சைக்கிள் மிதித்து வந்து உன்னை முதலில் தூக்கியவர் அவர். உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர். அந்தக் கார்டைப் பற்றி அதற்கப்புறம் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு என் மேல் பாசம் உண்டு, அந்தப் பாசத்தோடு பயமும் சேர்ந்தே வரும், பயம் வந்தால் அவர் கை பிறத்தியார் கடிதத்தின் மேல் போய்விடும். அன்றைக்கு என் கார்டு, இன்றைக்கு உன் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உட்கார்ந்து, ஜோசியர் எழுதிக் கொடுத்த காகிதத்தை விரித்து, இந்தக் கல்யாணம் நடந்தால் உன் உயிருக்கே ஆகாது சந்திரா என்றார். நான் காபி கலந்து வைத்தேன். தாய்மாமன் இல்லாம மாலை ஏறுமா என்றார். தாலி எடுத்துக் குடுக்க யார் இருக்காங்க, நீ மணவறைப் பக்கம் வர முடியுமா என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைப் பார்த்து ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினார். காபியைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அச்சாபீஸுக்குப் போனேன். தை இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, எழுநூறு பத்திரிகை. அழைக்கிறவர் பெயர் என்ன போடுவது என்று அச்சாபீஸ்காரர் கேட்டார். சந்திரம்மாள், தலைமை ஆசிரியை என்றேன். "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா டீச்சர்" என்று தயங்கினார், அவர் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர், அதனால் அதற்கு மேல் கேட்கவில்லை. தாய்மாமன் என்கிற இடத்தில் தசரதன் என்று போடச் சொன்னேன். உன் போன் வந்த வியாழக்கிழமை சாயங்காலம் பத்திரிகைக் கட்டு வீட்டில்தான் இருந்தது, நீ விட்டுடலாம் என்றபோது நான் அதன் மேல்தான் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்றைக்குக் குலதெய்வத்துக்கு ஒன்று வைத்துவிட்டு, முறைப்படி அடுத்ததை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து அண்ணனிடம் நீட்டினேன். அவர் தட்டை வாங்கவில்லை, நின்றபடியே படித்தார், தன் பெயர் வந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். "என்னக் கேக்காம என் பேரப் போட்டியா" என்றார். கேட்டா வேணாம்னு சொல்லுவ, அதான் கேக்கலண்ணா என்றேன். கோபமாக, கிழிச்சுப் போட்டா இன்னா பண்ணுவ என்றார். முப்பத்தெட்டு வருஷமாக என் தொண்டையில் இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "அன்னிக்கு ஒரு கார்டுதான் இருந்துச்சி, போட்டுட்ட. இது எழுநூறு இருக்குதுண்ணா, உன் அடுப்பு பத்தாது" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அது செல்லாதுன்னு ஊரே சொல்லிச்சே, இன்னுமா மனசுல வெச்சிருக்க என்று மெதுவாகக் கேட்டார். ஊர் சொல்லிச்சி, நான் சொல்லல என்றேன். தட்டை அவர் பக்கத்தில் கட்டிலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வருவாரா வரமாட்டாரா என்று எனக்குத் தெரியாது.

மீதிப் பத்திரிகையை நாளைக் காலையிலிருந்து கொடுக்கப் போகிறேன், இதோ இந்த உறையிலேயே ஒன்று வைத்திருக்கிறேன், இளவரசனிடம் காட்டு. அவனிடம் நீ ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்தால், இன்றைக்கே போய், பயத்தில் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேள், விவரமாகவே கேள். நான் அனாதையாகிவிடுவேன் என்று உனக்குக் கவலை வேண்டாம். என்னிடம் படித்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், சொந்தக்காரர் வராவிட்டால் அவர்கள் வந்து பந்தி பரிமாறுவார்கள், பாயசம் இன்னும் நன்றாகவே இருக்கும். என்னைக் காரணம் காட்டி நீ ஒருத்தனை விட்டுவிட்டு வந்து நின்றால்தான் நான் அனாதை, அப்போது உன் முகத்தைத் தினம் பார்க்க என்னால் முடியாது. அடுப்பில் எரிந்தது என்ன என்று தெரியாமல் எட்டு மாதம் அழுதவள் சொல்கிறேன், நீ உன் கையாலேயே எடுத்துப் போடாதே.

முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி முழுக்க ஆபீஸில் இருக்க வேண்டும் என்றாயே, வெறும் வயிற்றோடு உட்காராதே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, காதை மூடிக்கொண்டு போ. கம்ப்யூட்டர் நின்றால் நிற்கட்டும், நீ ஜனவரி பதினெட்டாம் தேதி டிக்கெட்டை மட்டும் மாற்றாதே. எனக்கு எதுவும் வாங்கி வராதே. மாமாவுக்கு மூட்டு வலிக்குப் போன முறை கொண்டுவந்தாயே அந்தத் தைலம், அதில் இரண்டு புட்டி மறக்காமல் வாங்கி வா, கல்யாணத்துக்கு வராவிட்டாலும் யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம். அண்ணாமலையார் உங்கள் இரண்டு பேருக்கும் துணையாக இருப்பார், அவருக்கு வேலை ஜாஸ்தி என்றால் நான் இருப்பேன். நீங்கள் இருவரும் நீண்ட நாள் சேர்ந்து சண்டை போட்டுச் சேர்ந்து சிரித்து வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மாமா வரவில்லை என்றால் நான் அழுவேன் எழில், அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அழுதுகொண்டே மணவறை ஏறி, தாலியை எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
சந்திரம்மாள்